இறுதி இருநூறு மீட்டர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

பொங்கல் விழா வந்துவிட்டால் நெல்லைச் சீமையின் ஊர்கள்தோறும் விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும். கபடி, கயிறு இழுத்தல், உறியடித்தல், இசை நாற்காலி என்று நீளும் அப்பட்டியலில் சைக்கிளுக்கும் ஓர் இடம் உண்டு. மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி! காலைத் தரையில் ஊன்றாமல் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்பவருக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு. உலகமெல்லாம் வேகத்துக்குப் பரிசு கொடுக்கும் ஒரு வண்டிக்கு நாம் மெதுவுக்குப் பரிசு கொடுக்கிறோம். இது சிரித்துவிட்டுப் போகிற செய்தியாக எனக்குப் படவில்லை. சைக்கிள் என்பது பாடுபடுவதற்கு உரிய வண்டி, பந்தயத்துக்கு உரியது அன்று என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிப்போயிருப்பதற்கு இதுவே சான்று.

அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குச் சைக்கிள் பந்தயத்தின் ஒரு தனித் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் ‘ஸ்பிரின்டர்’ என்று அழைக்கப்படும் இறுதிப் பாய்ச்சல் வீரரின் தொழில். அவர் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால், ஒருவனுடைய கால்வலிமை மட்டும் அவனை உயர்த்திவிடுவதில்லை என்பதும், அவனுக்கு முன்னே காற்றைத் தாங்கியவர்களும் படிக்கட்டு அமைத்தவர்களும் இருந்தார்கள் என்பதும் விளங்கும். நம் பள்ளத்தாக்கில் கால்கள் இருக்கின்றன. படிக்கட்டுத்தான் பாதியில் நிற்கிறது என்பது என் கருத்து.

காற்றோடு ஒரு கணக்கு

1903-ஆம் ஆண்டு தொடங்கிய ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தைப் பற்றி நண்பர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று வாரங்களில் 21 நாள் ஓட்டம். மலையேறும் நாட்கள் சில, சமவெளி நாட்கள் சில. சமவெளி நாளில் ஏறத்தாழ 200 கிலோமீட்டரை நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள் ஒரே கூட்டமாக ஓட்டி வந்து, கடைசிச் சில நொடிகளில் வெற்றி தோல்வியை முடிவு செய்துகொள்வார்கள். மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பாய்ச்சலில் இறுதி 200 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 11 நொடிகளே ஆகும். அந்த 11 நொடிக்காகவே ஊதியம் பெறுபவர் ஸ்பிரின்டர். அப்போது அவர் கால்கள் வெளியிடும் திறன் 1500 வாட் அளவுக்குப் போகும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்று நாம் படித்திருக்கிறோம். ஆக, இரண்டு குதிரைத்திறன் கொண்ட ஒரு மோட்டாரின் வேலையை ஒரு மனிதன் தன் தொடைகளால் சில நொடி செய்கிறான்.

அத்தனை வலிமை எதற்கு? காற்றுக்கு! காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியில் வளர்கிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடியில் வளர்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் 60-ஐத் தொட வேண்டுமானால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஆடி மாதத்து மேல்காற்றில் பேட்டையிலிருந்து மேற்கே முக்கூடல் நோக்கிச் சைக்கிள் மிதித்த எவருக்கும் இந்த மும்மடிக் கணக்கு தொடையிலேயே எழுதப்பட்டிருக்கும். அப்போது முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போனால் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வோம் அல்லவா? அதே உபாயம்தான் பந்தயத்திலும். முன்னே ஒருவர் காற்றைப் பிளந்துகொண்டு போனால், அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்குக் காற்றின் சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

ஆகவே ஒவ்வோர் அணியும் தன் ஸ்பிரின்டரைப் பொத்திப் பொத்திக் கொண்டு வரும். நாள் முழுதும் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஆள் உண்டு. சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்கவும் ஆள் உண்டு. இவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் ‘டொமெஸ்டீக்’, அதாவது வேலைக்காரர் என்றே பெயர். முடிவு நெருங்கும்போது நான்கைந்து பேர் இரயில் பெட்டிகள் போல வரிசையாக முன்னே நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தம் வலிமை முழுவதையும் செலவழித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கடைசி ஆள் 200 மீட்டர் இருக்கும்போது விலகுவார். அதற்குப் பிறகுதான் ஸ்பிரின்டர் முதன்முறையாகக் காற்றை நேருக்கு நேர் பார்க்கிறார்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வலிமையை எடை போடும்போது தன் வலிமையோடு துணையின் வலிமையையும் சேர்த்து எடை போடச் சொன்னார். ஸ்பிரின்டர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அந்த முப்பது குறளில் அடங்கும் என்றால் மிகையாகாது. ஒரு நொடி முந்திப் புறப்பட்டால் காற்று தின்றுவிடும். ஒரு நொடி பிந்தினால் வழி அடைபட்டுவிடும்.

வங்கியிலிருந்து வந்தவர்

இத்தொழிலின் மாபெரும் பெயர் மார்க் கேவண்டிஷ். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மேன் தீவில் 1985-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்தபின் பந்தய வாழ்வுக்குப் பணம் சேர்ப்பதற்காக ஒரு வங்கியில் வேலை பார்த்தார். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் நண்பர்கள் பலர் இதைக் கேட்டுத் திகைக்கக்கூடும். நமக்கு வங்கி வேலை பயணத்தின் முடிவு. அவருக்கு அது வழிச்செலவு.

2008 முதல் 2016 வரை டூர் டி பிரான்ஸில் 30 நாள் வெற்றிகள் பெற்றார். பிறகு நோயும் விபத்துகளும் அவரை வீழ்த்தின. இவர் கதை முடிந்தது என்று உலகம் எழுதிவிட்ட நிலையில், 2021-இல் மீண்டு வந்து நான்கு வெற்றிகளை ஈட்டி, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் 34 என்னும் சாதனையைச் சமன் செய்தார். 2023-இல் விழுந்து காறை எலும்பு முறிந்தது. 2024-இல், 39 வயதில், மறுபடியும் வந்தார்.

அந்த ஆண்டின் முதல் நாள் நிகழ்ச்சியை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இத்தாலியின் வெயிலில் கேவண்டிஷ் வாந்தியெடுத்துத் துவண்டு கூட்டத்துக்கு வெகு தூரம் பின்தங்கினார். குறித்த காலவரம்புக்குள் வந்து சேராதவர் அன்றே போட்டியிலிருந்து நீக்கப்படுவார் என்பது விதி. அவர் அணித்தோழர்கள் தம் வாய்ப்பை விட்டுவிட்டு அவருடன் பின்தங்கி, காற்றைத் தாங்கி, காலவரம்புக்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 3-ஆம் நாள், அவர் 35-ஆவது வெற்றியைப் பெற்றார். சாதனைப் பட்டியலில் எழுதப்பட்டிருப்பது ஒரே பெயர். ஆனால் முதல் நாள் வெயிலில் அவரைச் சுமந்தவர்கள் இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் அவர் அங்கு இருந்திருக்கவே மாட்டார்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. காற்றைத் தாங்கிய அந்தத் தோழர்களுக்கும் மாதச் சம்பளம் உண்டு. ஒருமுறைகூட முதலாவதாக வராத ஒருவர், பத்தாண்டுகள் கௌரவமாகத் தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்ற முடிகிறது. விளையாட்டு என்றால் முதல் பரிசு அல்லது ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கிறோம். அது ஒரு தொழிலாக வளர்ந்த இடத்தில் பத்தாவது ஆளுக்கும் சோறு இருக்கிறது.

தச்சர் மகன்

‘வெள்ளைக்காரனுக்கு வசதி இருக்கிறது, செய்கிறான்’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு எரித்திரியாவின் பினியம் கிர்மாய் விடையளிக்கிறார். ஆப்பிரிக்காவின் செங்கடற்கரையில் உள்ள ஏழை நாடு எரித்திரியா. இத்தாலியர் ஆண்ட காலத்தில் அங்கே சைக்கிள் பந்தயம் புகுந்தது. ஆண்டவர்கள் போனார்கள், பந்தயத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள். கிரிக்கெட்டை நாம் ஆக்கிக்கொண்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் தலைநகரான அஸ்மராவில் 2000-இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் கிர்மாய். சுவிட்சர்லாந்தில் ஏகிள் என்னும் ஊரில் உலகச் சைக்கிள் சம்மேளனம் நடத்தும் பயிற்சி மையம் அவரை 2018-இல் ஏற்றுக்கொண்டது. வசதியற்ற நாடுகளின் இளைஞர்களுக்கும் கதவு திறக்கும் மையம் அது. 2022-இல் இத்தாலியப் பெரும் பந்தயத்தில் ஒரு நாள் வெற்றி பெற்றார். வெற்றி மேடையில் மதுப்புட்டியைத் திறந்தபோது அதன் தக்கை பாய்ந்து கண்ணில் பட்டது. பந்தயத்தை விட்டே விலக நேர்ந்தது. வென்ற நாளிலேயே இழப்பு! ஆனால் 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று நாட்கள் வென்றார். அப்பந்தயத்தில் ஒரு நாளை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவரே. புள்ளிகளில் முதல்வருக்குரிய பச்சைச் சட்டையையும் அணிந்து ஊர் திரும்பினார்.

தச்சர் மகனின் கால்களை யாரும் ஏகிளில் செய்து கொடுக்கவில்லை. அவை அஸ்மராவின் மேட்டுச் சாலைகளில் உருவானவை. ஏகிள் அவருக்குக் கொடுத்தது அடுத்த படி.

நிக்கோபார் நமக்குச் சொல்வது

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கார் நிக்கோபார் தீவின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 18 ஆயிரத்துக்கும் குறைவு. அதே கணக்கெடுப்பில் நம் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை 4 இலட்சத்து 73 ஆயிரம். ஆழிப்பேரலை 2004-இல் அந்தத் தீவைச் சூறையாடியது. அப்போது மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் உயிர் தப்பிய ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்டு பின்னாளில் இந்தியாவின் சிறந்த சைக்கிள் வீராங்கனைகளுள் ஒருவரானார். அதே அந்தமான் நிக்கோபார் மண்ணிலிருந்து வந்த எஸோவ் ஆல்பென், முதலில் படகுவலிக்கும் வீரராக இருந்தவர். 2018-இல் உலக இளையோர் ஓடுதளப் போட்டியில் ‘கெய்ரின்’ என்னும் பாய்ச்சல் பந்தயத்தில் வெள்ளி வென்றார். உலக அளவில் இந்தியச் சைக்கிளுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. நடந்த இடம் எது தெரியுமா? கிர்மாய் பயிற்சி பெற்ற அதே ஏகிள்! மறு ஆண்டு, ஜெர்மனியில், எஸோவும் மணிப்பூரின் ரொனால்டோ சிங்கும் இடம்பெற்ற அணி உலக இளையோர் தங்கத்தை வென்றது. 2022-இல் ஆசியப் போட்டியில் தனிநபர் பாய்ச்சலில் ரொனால்டோ வெள்ளி பெற்றார்.

இவர்கள் ஓடுவது சாலையில் அன்று, சரிவான வட்ட ஓடுதளத்தில். ஆயினும் இறுதி 200 மீட்டரின் இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே. பதினெட்டாயிரம் பேர் கூட இல்லாத ஒரு தீவினால் இது எப்படி இயன்றது? போர்ட் பிளேரில் சைக்கிள் ஓடுதளம் இருந்தது. ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பவர் இருந்தார். அங்கிருந்து டெல்லி பயிற்சிக் கழகத்துக்கு வழி இருந்தது. மூன்று படிகள், அவ்வளவுதான்.

அதே வேளையில் மேல்படிகள் நமக்கு இன்னும் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் இந்திய சைக்கிள் வீரர்கள் கடைசியாகக் கலந்துகொண்டது 1964-இல், டோக்கியோவில். நம் பாட்டனார் காலம்!

நம் பள்ளத்தாக்கில்

இனி நம் ஊருக்கு வருவோம். அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. அதில் 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். பந்தயச் சைக்கிள் கூடாது, நம் நாட்டில் செய்த சாதாரண சைக்கிளே வேண்டும் என்பது விதி. எத்துணை நல்ல விதி! பணக்காரன் வண்டி ஏழையின் காலை வெல்ல முடியாது. பதினோராம் வகுப்பில் அரசே விலையில்லாச் சைக்கிளும் வழங்குகிறது. ஆக, பதினேழு வயது வரை ஒரு மாணவனுக்கு வண்டியும் உண்டு, போட்டியும் உண்டு.

பதினெட்டாம் வயதில் அவன் நம்மைப் போல் கல்லூரிக்கு வருகிறான். உலகத்து ஸ்பிரின்டர்கள் தம் தொழிலைத் தொடங்கும் வயது அதுதான். நம் ஊரிலோ அந்த வயதில் படி முடிந்துவிடுகிறது. சாதாரண சைக்கிளோடு நிற்கும் ஒரு மாணவனுக்கு அடுத்து எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையே அகில இந்திய அளவில் சைக்கிள் போட்டி நடக்கிறது என்பது நம் வகுப்புகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கபடியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார்; 1995-இல் அர்ஜுனா விருது பெற்றார். அவர் திறமை அவருடையது. ஆனால் ஊர் அணி, கோயில் கொடைக்குப் போட்டி, வட்டாரப் போட்டி, நிறுவன அணி, அரசு வேலை என்று கபடிக்குத் தென்பாண்டிச் சீமையில் ஒரு படிக்கட்டு இருந்தது. கோவில்பட்டி ஹாக்கிக்கும் அப்படியே. சைக்கிளுக்கு அது இல்லை.

இதற்கு மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். ‘இதனால் வேலை கிடைக்குமா?’ என்பது முதல் கேள்வி. இக்கேள்வியை நான் இழிவாக நினைப்பவன் அல்லன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாழைத்தார் ஏற்றிய சைக்கிளை இருபது ஆண்டுகள் மிதித்த என் தந்தை, ‘இனி நீயும் அதையே மிதிக்கவா படிக்க வைத்தேன்?’ என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு நான் சொல்லும் விடை இது: இரயில்வேயும் இராணுவமும் நெடுங்காலமாகச் சைக்கிள் அணிகளை வைத்திருக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வாசல்களில் கபடிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சைக்கிள் வரிசையில் நம் மாவட்டத்தார் எத்தனை பேர்?

‘பந்தயச் சைக்கிள் பல இலட்சம் ஆகுமே’ என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான். ஆனால் அது மேல்படியின் செலவு. முதற்படிக்குச் சாதாரண சைக்கிளே போதும் என்பதை அண்ணா மிதிவண்டிப் போட்டியே காட்டுகிறது.

‘சாலையில் ஆபத்து’ என்பது மூன்றாவது. இதுவே உண்மையில் கனமான மறுப்பு. லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில் பிள்ளைகளைப் பாயச் சொல்வது பாவம். ஆனால் தேர்த் திருவிழாவுக்கு ரத வீதியை அடைத்து வைக்க நம்மால் முடிகிறது. ஆண்டில் ஒரு ஞாயிறு விடியற்காலையில், இரண்டு மணி நேரம், காவல்துறையின் துணையோடு ஒரு சாலையை ஒதுக்க முடியாதா?

என்ன செய்யலாம்?

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, நம் மாவட்டக் கல்லூரி மாணவ மாணவியருக்கென்று சாதாரண சைக்கிளில் ஒரு சாலைப் பந்தயம். பாளையங்கோட்டையில் தொடங்கி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஒருபுறம் பொருநை, மறுபுறம் வயல். எதிரே மேல்காற்று. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஸ்பிரின்டருக்கு வேண்டுமா? தனித்தனியாக ஓட்டாமல் நால்வர் அணியாக ஓட்டச் செய்தால், ஒருவருக்காக மற்றவர் காற்றைத் தாங்கும் கலையும் வரும். பரிசு நால்வருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, மாவட்ட விளையாட்டு அரங்கில் பொதுச் சொத்தாகச் சில பந்தயச் சைக்கிள்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, தேறியவர்கள் எடுத்துப் பழகட்டும். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் சைக்கிள் ஓடுதளம் இருக்கிறது. அறுநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தத் தளத்துக்கு நம்மிலிருந்து ஆண்டுக்கு இருவரையாவது அனுப்பும் ஏற்பாடும் வேண்டும்.

மூன்றாவது செலவே இல்லாதது. நம் கல்லூரி மைதானத்தை ஒட்டிய பாதையில் 200 மீட்டரை நாடா வைத்து அளந்து, இரு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுவோம். இயற்பியல் துறையில் நிறுத்துக் கடிகாரங்கள் இருக்கின்றன. முழு வேகத்தில் வந்து கோட்டைத் தாண்டுவோரின் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். ஓடுதளத்தில் இத்தூரத்தை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லவ்ரேசன் 9.088 நொடியில் கடந்தார்; அது அப்போதைய உலகச் சாதனை. நமக்கு இருபது நொடி ஆகலாம், ஆகட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர் மட்டும் மற்றவர்களைவிட இரண்டு நொடி முந்தி நிற்குமானால், அடுத்த படிக்கு அனுப்ப வேண்டிய ஆள் யார் என்பது தெரிந்துவிடும். இன்று அது தெரியாமலே போகிறது.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலருக்கு ஸ்பிரின்டரின் நிலை புதிதன்று. நம் முன்னே யார் யாரோ காற்றைத் தாங்கியிருக்கிறார்கள். படிப்பை நிறுத்திக்கொண்ட அக்கா, பீடிச் சுற்றிய அம்மா, வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டிய அப்பா. அவர்கள் ஒதுங்கிக்கொண்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் தூரம் நம்முடையது. அதை ஓடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அடுத்து வருபவனுக்கு முன்னே சற்று நேரம் நாமும் காற்றைத் தாங்க வேண்டும். மேலே சொன்ன மூன்றும் அதற்கான சிறு தொடக்கங்களே.

வருகிற ஆண்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி வழக்கம்போல் நடக்கட்டும். எவர்சில்வர் டம்ளரும் வழங்கப்படட்டும். அதே மாலையில், அளந்து போட்ட 200 மீட்டரில், வேகமாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி ஒன்றும் நடக்க வேண்டும். கடிகாரத்தோடு கோட்டருகே நிற்க எங்கள் வகுப்பு ஆயத்தமாக இருக்கிறது.